நோய்க்குப் பின் நடந்த நெடுவழி

நெடுநாள் காய்ச்சலிற் கிடந்து எழுந்த நெசவாளர் ஒருவர் மீண்டும் தறிக்குழியில் இறங்கி மிதியில் கால் வைக்கும் நாளை அவர் குடும்பம் முழுவதும் எதிர்நோக்கியிருக்கும். காலோ நடுங்கும், அறுந்த பாவு இழையைக் குனிந்து பிணைப்பதற்குள் மூச்சு வாங்கும். நெய்த அளவுக்கே கூலி என்பதால், உடல் தேறுமுன்னரே வேலைக்கு விரைவோரும் உண்டு. இனி நம்மால் ஆகாது என்று சோர்ந்துவிடுவோரும் உண்டு. இவ்விரு வகையினரையும் நம் சங்கங்களில் நாம் கண்டிருக்கிறோம். ஆதலின், இருமுறை நோயால் நலிந்தும், பின்னர் இந்நாட்டை நடந்தே சுற்றிவந்த ஆசார்ய வினோபா பாவே அவர்களின் வரலாற்றில் ஒரு பகுதியை அங்கத்தினர்களின் நோக்குக்கு வைக்க விரும்புகிறோம். பூதான இயக்கத்தைப் பற்றி அறிந்தோர் பலர். அதனைச் சுமந்த உடலைப் பற்றி அறிந்தோர் சிலரே.

அவ்வுடல் இயல்பில் வலியதன்று. வார்தாவை அடுத்த நால்வாடியில் வாழ்ந்த காலத்தில், நூல் நூற்றுக் கிடைக்கும் கூலியைக் கொண்டே உண்பது என்று அவர் முயன்றார். நூற்போர் கூலி ஓர் உடலை எவ்வளவு தாங்கும் என்பது நம்மவர்க்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1938-ஆம் ஆண்டில் அவர் எடை 88 பவுண்டுக்கு இறங்கிவிட்டது. அஃதாவது 40 கிலோ. காந்தியடிகள் கவலையுற்று, ஓய்வு கொள்ளுமாறு கூறினார். வினோபா மலைவாசத்தலம் எதற்கும் செல்லவில்லை. வார்தாவிலிருந்து சில மைல் தொலைவில், தாம் நதிக்கரையில் உள்ள பவனாரில் தங்கினார். வேலைகளைப் பற்றிய எண்ணங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நிலத்தைக் கொத்தத் தொடங்கினார். தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சில நிமிடங்களே. பின்னர் உடல் இடங்கொடுத்த அளவுக்குச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டார். உடலும் தேறிற்று. பிற்காலத்து நடைக்கு வேண்டிய பழக்கம் இம்மண்வெட்டியில்தான் தொடங்கிற்று என்று நாம் கருதுகிறோம்.

1951 ஏப்ரல் 18-ஆம் நாள் தெலுங்கானாவில் போச்சம்பள்ளி என்னும் ஊரில் நிகழ்ந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நிலமற்ற 40 அரிசனக் குடும்பத்தினர் 80 ஏக்கர் கேட்க, இராமச்சந்திர ரெட்டி என்பவர் 100 ஏக்கர் தருவதாக முன்வந்தார். கைத்தறிக்குப் பெயர் பெற்ற அவ்வூர் இன்று பூதான் போச்சம்பள்ளி என்றே வழங்கப்பெறுகிறது. அதுமுதல் நிலதானம் வேண்டி ஊர் ஊராக நடப்பதே வினோபாவின் தொழிலாயிற்று.

மறு ஆண்டு பீகாருக்குள் நடந்தார். 1952 டிசம்பரில், ஜாம்ஷெட்பூருக்கு அண்மையிலுள்ள சாண்டிலில் கொடிய மலேரியாக் காய்ச்சல் அவரைப் பற்றிக்கொண்டது. வயதோ 57, குடற்புண் முன்னரே இருந்தது. இறைவன் விட்ட வழி என்று கூறி மருந்துண்ண மறுத்துவிட்டார். காய்ச்சல் ஏற, உயிருக்கே ஆபத்தென்னும் நிலை உண்டாயிற்று. தலைவர்களும் அன்பர்களும் பெரிதும் வற்புறுத்திய பின்னரே மருந்தை ஏற்றார், காய்ச்சல் தணிந்தது. அவருடைய நம்பிக்கையை மதிக்கும் நாம், அம்மறுப்பை மட்டும் பின்பற்றத்தக்கதாகக் கொள்ளவில்லை. அக்காலத்து இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 7½ கோடி மக்கள் மலேரியாவால் பீடிக்கப்பட்டதாகவும், 8 லட்சம் பேர் மாண்டதாகவும் மதிப்பிடப்பட்டது. மருந்து கிட்டாமல் மாண்டவர் அவர்களுள் எத்தனை பேர்! மலேரியாக் கட்டுப்பாட்டுக்கென நாடு தழுவிய திட்டம் 1953-இல்தான் தொடங்கியது.

காய்ச்சல் விட்டவுடன் வலிமை திரும்பிவிடுவதில்லை. இரத்தத்தின் சிவப்பணுக்களை அக்கிருமி அழித்துவிடுவதால் சோகை தங்கிவிடுகிறது. நாலடி நடந்தாலும் நெஞ்சு படபடக்கிறது. எனவே அவர் சாண்டிலிலேயே தங்கினார். 1953 மார்ச்சில் சர்வோதய சம்மேளனமும் அவ்வூரிலேயே கூடிற்று. அதன்பின் மீண்டும் நடக்கலானார்.

அந்நடையின் ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். விடியுமுன், இருட்டிலேயே, லாந்தர் வெளிச்சத்தில் புறப்படுவார். நாளொன்றுக்குச் சுமார் 10 மைல். வெயில் ஏறுமுன் அடுத்த ஊரை அடைந்துவிடுவார். குடற்புண் காரணமாகப் பாலும் தயிருமே பெரும்பாலும் ஆகாரம். அதையும் பல வேளையாகப் பிரித்துச் சிறிது சிறிதாகவே கொள்வார். பிற்பகலில் கூட்டம், மாலையில் பிரார்த்தனை, இரவு கண்விழிப்பதில்லை. ஒரு நாளில் நாற்பது மைல் நடந்து காட்டி, மூன்று நாள் படுத்துக்கிடக்கும் வீரம் அவரிடம் இல்லை. நாளைக்கு இத்தனை முழம் என்று அளவு வைத்து நெய்பவருக்கு இதன் பொருள் விளங்கும்.

1956 மே மாதம் தமிழகத்துள் வந்தார். அம்மாதமே நெசவாளர் நகரமாகிய காஞ்சிபுரத்தில் சர்வோதய சம்மேளனம் நடைபெற்றது. வேலூர்ச் சிறையில் இருந்த காலத்திலேயே தமிழ் கற்றிருந்த அவருக்கு இந்நாடு புதிதன்று. ஏறக்குறைய ஓராண்டு இங்கு நடந்துவிட்டு, 1957 ஏப்ரலில் கேரளத்துக்குச் சென்றார்.

மிகக் கடிய சோதனை 1959-இல் காஷ்மீர வழியில் நேர்ந்தது. பீர் பஞ்சால் மலைத்தொடரைக் கடக்க வேண்டும். கணவாயோ 13,000 அடிக்கு மேல். அடிவாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பல நாள் காத்திருந்தார். மலையைத் தாண்ட இயலாவிடில் அதனையே இறைவன் கட்டளையாகக் கொண்டு திரும்பிவிடுவது என்று முடிவும் செய்துகொண்டார். மழை நின்றது, ஏறிக் கடந்தார். அத்துணை உயரத்தில் மூச்சுக்காற்றின் செறிவு சமவெளியில் இருப்பதில் மூன்றில் இரு பங்கு அளவே. ஏறியவர் வயதோ 63. அவர் சாண்டிலில் சாகக் கிடந்து ஏழாண்டு நிறையவில்லை.

நடையின் பயனைப் பற்றியும் மறைக்காமற் சொல்லவேண்டும். தானமாக வாக்களிக்கப்பட்ட நிலம் 40 லட்சம் ஏக்கருக்கு மேல். ஆனால் அதிற் பெரும்பகுதி பாறையும் தரிசும் வழக்கில் சிக்கியதுமாக இருந்தது. உழுபவன் கைக்குச் சேராமற்போனது மிகுதி. வாங்கிய வேகத்தில் பிரித்தளிக்க ஊர்தோறும் நிலையான அமைப்பு இல்லாததே குறை என்பது கூட்டுறவாளராகிய நம் கருத்து. கணக்கெழுதுவோரும் பொறுப்பேற்போரும் இன்றி, ஒருவர் கால்கள் மட்டும் எவ்வளவு செய்யும்?

1964 ஏப்ரல் 10-ஆம் நாள், 68-ஆம் வயதில், வினோபா பவனாருக்குத் திரும்பினார். போச்சம்பள்ளியிலிருந்து எண்ணினால் பதின்மூன்று ஆண்டு. மறு ஆண்டு பீகாரில் கிராமதான வேலையைத் துரிதப்படுத்த வேண்டி மறுபடியும் புறப்பட்டபோது, நடந்தே தீருவேன் என்று அவர் பிடிவாதம் செய்யவில்லை. மோட்டார் வண்டியில் ஏறிக்கொண்டார்.