மொத ரேடியோ எது அண்ணாச்சி?

நம்மில் பலருக்கு ரெண்டு பிறந்தநாள். அம்மா சொல்வது ஒன்று. ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிப் போட்டது இன்னொன்று. ரிட்டயர்மென்ட் நெருங்கும்போதுதான் எது அசல் என்ற கவலையே வரும். ரேடியோ நிலையங்கள் கதையும் கிட்டத்தட்ட இதேதான்!

நாகர்கோவில் டீக்கடைகளில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "இந்தியாவுலயே மொத எஃப்.எம். நம்ம கோணத்துலதான் அண்ணாச்சி!" என்று அடித்துச் சொல்ல ஆள் இருக்கும். பெருமை நியாயமானதுதான். ஆனால் ஒரு வார்த்தை இடறுகிறது. எஃப்.எம். முதலில் வந்தது சென்னைக்கு. 1977 ஜூலை 23. நாகர்கோவிலுக்குச் சேர வேண்டியது வேறொரு 'முதல்'. அகில இந்திய வானொலியின் முதல் உள்ளூர் நிலையம் அது. ஒரு வட்டாரத்துக்காரர்களுக்கு என்றே அமைந்த நிலையம். தேதி: 1984 அக்டோபர் 30.

இந்தத் தேதியை ஞாபகம் வைக்க ஒரு சோகமான அடையாளம் உண்டு. மறுநாள்தான் பிரதமர் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். "அதுக்கு மொத நாள்தாண்டே தொடங்கினாவ" என்கிறவரை நம்பலாம். "எண்பத்தி மூணா, அஞ்சா..." என்று இழுப்பவருக்கு டீக்காசைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்!

கல்லூரி ரேடியோ என்றால் தலைவலி இன்னும் ஜாஸ்தி. வான்வழி அலைகள் பொதுச்சொத்து என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. கல்வி நிறுவனங்களும் நிலையம் வைக்கலாம் என்று மத்திய அரசு கதவைத் திறந்தது 2002 டிசம்பரில். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4 தொடங்கியது 2004 பிப்ரவரி 1-ல். இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி என்ற பெயர் அதற்குத்தான்.

பிறகு பல கல்லூரிகள் களத்தில் குதித்தன. 'எங்களுக்கு எந்த வருஷம்?' என்ற சண்டையும் கூடவே வந்துவிடும். காரணம், ஒரு நிலையத்துக்குக் குறைந்தது மூன்று தேதிகள். லைசென்ஸ் கைக்கு வந்த நாள், சோதனை ஒலிபரப்பு நடந்த நாள், வி.ஐ.பி. ரிப்பன் வெட்டிய நாள். மூன்றுக்கும் நடுவே மாதங்கள்கூட ஓடிவிடலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அழைப்பிதழை மட்டும் நம்பாதீர்கள். விழா தள்ளிப்போனாலும் அச்சடித்த தேதி மாறாது. மறுநாள் பேப்பரைப் பாருங்கள். நிலையத்தின் லாக் புக்கைத் தேடுங்கள். 'முதல்' என்று யாராவது சொன்னால், 'எதில் முதல்?' என்று ஒரு கேள்வி போடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

ஒரு தேதிக்காக இவ்வளவு பாடு எதற்கு என்கிறீர்களா? கல்வெட்டில் இருப்பது ரிப்பன் வெட்டியவர் பெயர். சோதனை ஒலிபரப்பில் நடுங்கும் குரலில் "ஹலோ... கேக்குதா?" என்று கேட்ட பையனின் பெயர் லாக் புக்கில்தான் இருக்கும். அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள் சார்!