நான்கு மணி நேரம் வண்டி ஓடியும் பேட்டரி ஏன் நிறையவில்லை?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரில் வசிக்கிறோம். விடுமுறை நாட்களில் பிள்ளைகளோடு வெளியே போய்த் தங்குவதற்காகப் பழைய டிரக் கேம்பர் ஒன்றை வாங்கினோம். பிக்கப் டிரக்கின் பின்பக்கத் தொட்டியில் தூக்கி வைத்துக் கட்டிக்கொள்ளும் சிறிய வீடு அது. படுக்கை, அடுப்பு, பிரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். விளக்கு, தண்ணீர் பம்ப், விசிறி ஆகியவற்றுக்கு ஒரு 12 வோல்ட் பேட்டரி.

ஓர் அக்டோபர் மாதக் கடைசியில் கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்புக்குப் போனோம். ஏறத்தாழ நான்கு மணி நேர ஓட்டம். பக்கத்திலுள்ள கைபாப் தேசியக் காட்டில் இரவு தங்கினோம். 2,000 மீட்டருக்கும் மேலான உயரம் என்பதால் அங்கே குளிர் கடுமை. இரவு மூன்று மணிக்கு ஹீட்டர் நின்றுவிட்டது. சின்னவள் குளிரில் அழுதுகொண்டே எழுந்தாள். மீட்டரில் பார்த்தால் பேட்டரியில் 11.6 வோல்ட்தான் இருந்தது.

"காலையிலிருந்து வண்டி ஓடியிருக்கிறதே, பேட்டரி நிறைந்திருக்க வேண்டுமே!" என்பதுதான் எங்களுக்கு வந்த முதல் கேள்வி. ஊருக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொன்றாக அளந்து பார்த்ததில் விடை கிடைத்தது. இத்தகைய வண்டி வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ நினைக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று அதை இங்கே எழுதுகிறோம்.

எரிவாயு ஹீட்டருக்கும் மின்சாரம் வேண்டும்

ஹீட்டர் எரிவது எரிவாயுவில்தானே, பேட்டரி இல்லாவிட்டால் என்ன என்று நினைத்திருந்தோம். அது தவறு. சூட்டைப் படுக்கைப் பக்கம் தள்ளுவது 12 வோல்ட் விசிறி. அந்த விசிறி போதிய வேகத்தில் சுற்றவில்லை என்றால், பாதுகாப்புக்காக எரிவாயுவும் தானாக நின்றுவிடும். சிலிண்டர் நிறைய இருந்தும் நாங்கள் குளிரில் நடுங்கியதற்குக் காரணம் இதுதான்.

வரவு செலவுக் கணக்கு

பேட்டரியின் கொள்ளளவை ஆம்பியர் மணியில் சொல்வார்கள். எங்களுடையது 80 ஆம்பியர் மணி கொண்ட ஈய அமில பேட்டரி. இந்த வகையில் பாதியை மட்டும் செலவழிப்பதே நல்லது. அடிக்கடி அதற்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறைந்துவிடும்.

முதல் செலவு, வண்டி வீட்டு வாசலில் சும்மா நின்றபோதே நடந்தது. எரிவாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி இரவும் பகலும் 0.1 ஆம்பியர் எடுக்கிறது. ஒரு நாளைக்கு 2.4 என்றால் இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 34 ஆம்பியர் மணி. புறப்படும்போதே பேட்டரி பாதிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நாங்கள் பார்க்கவில்லை.

இரண்டாவது செலவு பிரிட்ஜ். பல கேம்பர்களில் உள்ள பிரிட்ஜ் வீட்டு மின்சாரம், எரிவாயு, பேட்டரி ஆகிய மூன்றிலும் ஓடும். ஓட்டத்தின்போது நாங்கள் அதை பேட்டரியில் போட்டிருந்தோம். எங்கள் பிரிட்ஜ் எடுத்தது 12 ஆம்பியர். டிரக்கிலிருந்து ஒயர் வழியாக வந்ததோ 8 ஆம்பியர்தான். மணிக்கு 4 வீதம் நான்கு மணி நேரத்தில் 16 ஆம்பியர் மணி நஷ்டம். ஓட ஓட பேட்டரி நிறைவதாக நாங்கள் நினைத்திருக்க, உண்மையில் அது வடிந்துகொண்டிருந்தது!

80-இல் 34-உம் 16-உம் போனால் மிச்சம் 30. அதிலிருந்துதான் ஹீட்டர் விசிறி, விளக்கு, பம்ப், போன் சார்ஜ் எல்லாம் ஓட வேண்டும். பழைய பேட்டரி இரவு மூன்று மணி வரை தாக்குப் பிடித்ததே பெரிது.

ஒயரில் தொலையும் வோல்ட்

டிரக் எஞ்சினோடு சுற்றும் ஆல்டர்னேட்டர் நூறு ஆம்பியருக்கு மேலும் தரக்கூடியது. அப்படியிருக்க 8 மட்டும் வந்தது ஏன்? காரணம் ஒயர். டிரக்கின் முன்பக்கத்திலிருந்து பின்னால் உள்ள ஏழு முனை பிளக் வழியாகக் கேம்பருக்கு வரும் ஒயர் மெல்லியது, நீளமானது. எங்கள் வண்டியில் இருந்தது 12 கேஜ் ஒயர். போக 7 மீட்டர், வர 7 மீட்டர் என்று கணக்கிட்டால், 10 ஆம்பியர் ஓடும்போது ஒயரிலேயே முக்கால் வோல்ட் போய்விடும். துருப்பிடித்த எர்த்து இணைப்பும் சேர்ந்தால் இன்னும் அதிகம்.

முக்கால் வோல்ட் சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் ஈய அமில பேட்டரி முழுதாக நிறைய 14.4 வோல்ட் அளவுக்குக் கிடைக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது டிரக் பேட்டரியில் 13.6 வோல்ட் காட்டிய மீட்டர், கேம்பர் பேட்டரியில் 12.6 வோல்ட்தான் காட்டியது. மேட்டுக்குத் தண்ணீர் ஏறாதது போல, அந்த அழுத்தத்தில் பேட்டரிக்குள் மின்சாரம் ஏறாது. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகப் புதிய டிரக்குகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டரே வோல்ட்டைக் குறைத்துக்கொள்கிறது. அவற்றில் நிலைமை இதைவிட மோசமாக இருக்கும்.

நாங்கள் செய்த மாற்றங்கள்

முதலாவது, செலவே இல்லாதது. புறப்படுவதற்கு முந்தின நாளே வீட்டு மின்சாரத்தில் இணைத்து பேட்டரியை முழுதாக நிறைக்கிறோம். கடைசி இருபது சதவீதம் மெதுவாகத்தான் ஏறும், அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.7 வோல்ட் அளவுக்கு இருக்க வேண்டும். 12.1 என்றால் பாதிதான் இருக்கிறது என்று பொருள். வண்டி சும்மா நிற்கும் நாட்களில் பேட்டரியைத் துண்டிக்க ஒரு சுவிட்ச் வைத்துக்கொண்டோம். கசிவுக் கருவியும் அதோடு அணைந்துவிடும் என்பதால், அப்போது சிலிண்டரை மூடிவிடுகிறோம். உள்ளே ஆள் ஏறும் முன் சுவிட்சைப் போட மறப்பதில்லை.

இரண்டாவது, பிரிட்ஜையும் முந்தின இரவே வீட்டு மின்சாரத்தில் குளிரவைத்து, உறைந்த தண்ணீர் பாட்டில்களை உள்ளே அடுக்கிவிடுகிறோம். ஓட்டத்தின்போது அணைத்துவிடுவோம். கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும்.

மூன்றாவது, டிரக் பேட்டரியிலிருந்து தடித்த 6 கேஜ் ஒயரைத் தனியாக இழுத்து, கேம்பர் பேட்டரிக்குப் பக்கத்தில் 20 ஆம்பியர் டிசி டு டிசி சார்ஜர் பொருத்தினோம். குறைந்த வோல்ட்டில் வருவதை உயர்த்தி 14.4 ஆகக் கொடுப்பது இதன் வேலை. எஞ்சின் நின்றால் இதுவும் நின்றுவிடும். அதனால் டிரக்கை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி இரவில் காலியாகாது. ஒயரின் இரு முனையிலும், பேட்டரிக்கு அருகில், ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். ஃபியூஸ் இல்லாத தடித்த ஒயர் உரசிப் பழுதானால் தீப்பிடிக்கும். அனுபவம் இல்லாதவர்கள் இந்த வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

நான்காவது, கூரையில் 100 வாட் சோலார் பேனல். நல்ல வெயிலில் நாளுக்கு 25 முதல் 30 ஆம்பியர் மணி வரை தரும். குளிர்காலத்தில் மிகவும் குறையும். ஒரு மரக்கிளையின் நிழல் விழுந்தாலும் பெரும்பகுதி போய்விடும். ஆகவே இதை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஆனாலும் வண்டி ஓரிடத்தில் நிற்கும் பகலில், மெதுவாக ஏறும் அந்தக் கடைசிப் பகுதியை நிறைப்பதற்கு இது மிகவும் உதவுகிறது.

லித்தியம் பேட்டரி போட்டால் தீருமா என்று பலர் கேட்கிறார்கள். எடை குறைவு, கொள்ளளவில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம் என்பது உண்மை. ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழான குளிரில் அதைச் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். ஆல்டர்னேட்டரோடு நேரடியாக இணைத்தால் அளவுக்கு மீறி இழுத்து அதைச் சூடாக்கிவிடும். டிசி டு டிசி சார்ஜர் அதற்கும் தேவை.

உயிர் சம்பந்தப்பட்டது

அந்த இரவில் சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காயலாமா என்று ஒரு நொடி யோசித்தோம். நல்லவேளை, செய்யவில்லை. அடைத்த சிறு அறையில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குபவர்கள் எழுந்திருக்காமலே போய்விடக்கூடும். ஜன்னல் அருகில் ஜெனரேட்டர் ஓடினாலும் இதே ஆபத்துதான். பிள்ளைகளை நடுவில் படுக்கவைத்து, இருந்த போர்வைகளை எல்லாம் போர்த்தி விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்கும் அலாரத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. புறப்படும் முன் அதையும் பாருங்கள்.

தண்ணீர் ஊற்றும் வகை ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அந்தப் பெட்டியின் காற்றுத் துளையை அடைக்கக் கூடாது. நம் ஊரில் வீட்டு இன்வெர்ட்டருக்கு இந்த வகை பேட்டரி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்ப்பது, காற்றோட்டம் விடுவது, காலியாகவே விட்டுவைக்காமல் உடனே நிறைப்பது எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

மாற்றங்களுக்குப் பிறகு அதே காட்டுக்கு மறுபடியும் போனோம். படுக்கும்போது 12.7 வோல்ட், காலையில் 12.3. ஹீட்டர் ஒரு முறைகூட நிற்கவில்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டரை வாங்கி, படுக்கும் முன் ஒரு தடவை, எழுந்ததும் ஒரு தடவை அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். வண்டி எவ்வளவு நேரம் ஓடியது என்பதை நம்பாதீர்கள், மீட்டர் காட்டுவதை நம்புங்கள்.