பல்லுக்கு வயிற்றால் போகுமா?

பிள்ளை பிறந்து ஆறு ஏழு மாதமாகிறது. விரலை வாயில் வைத்துச் சப்புகிறது. வீணீர் வடிகிறது. காரணமின்றிச் சினக்கிறது. கூடவே துணிக்கு மேல் துணி நனைத்து வயிற்றாலும் போகிறது. அப்போது வீட்டிலுள்ள பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "பயப்படாத மகள், பல்லு வரப்போகுது. பல்லுக்குத்தான் போகுது. தானா நிக்கும்."

இந்தப் பேச்சில் பாதி உண்மை. பல் வரப்போவது உண்மையாக இருக்கலாம். ஆனால் பல்லினால் வயிற்றோட்டம் வருவதில்லை. "தானா நிக்கும்" என்று காத்திருப்பது பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்து எழுதவில்லை. 2007ஆம் ஆண்டு படுவான்கரை மக்கள் வேளாண்மையையும் மாடுகளையும் விட்டு, வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்து வந்த காலம். குருமாணவனாயிருந்த நான் ஒரு முகாமில் நிவாரணம் பங்கிடும் வேலையில் இருந்தேன். இளந்தாய் ஒருவர், "பிரதர், ரெண்டு நாளா புள்ளைக்கு வயித்தால போகுது" என்றார். பக்கத்திலிருந்த பெத்தா, "அது பல்லுக்கு" என்றார். நானும், "அப்படித்தான் இருக்கும் அக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த கூடாரத்துக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பின்னேரம் அங்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார். உச்சிக்குழி தாழ்ந்திருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. அழுதது, ஆனால் கண்ணீர் வரவில்லை. உடனே முச்சக்கர வண்டி பிடித்து வைத்தியசாலைக்கு அனுப்பினார். பிள்ளை பிழைத்தது. அதன் முதற் பல் வெளியே வந்ததோ அதற்கு ஒரு மாதத்திற்குப் பின்னர்தான். தெரியாததைத் தெரிந்தவன் போலச் சொன்ன என் வார்த்தை ஒரு முழு நாளை வீணாக்கியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பல் முளைப்பதன் அடையாளங்கள்

பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சுமார் ஆறு மாதத்தில் முதற் பல் வரும். சிலருக்கு நான்கு மாதத்திலேயே வரலாம். சிலருக்கு ஒரு வயதாகும். வழமையாகக் கீழ் முன்பற்கள் இரண்டும் முதலில் வரும். மூன்று வயதளவில் இருபது பாற்பற்களும் வந்துவிடும்.

பல் வரும் நாட்களில் முரசு சிவந்து தடிக்கும். வீணீர் கூடும். கையில் அகப்பட்டதைப் பிள்ளை கடிக்கும். சினமும் நித்திரைக் குழப்பமும் இருக்கும். உடம்பு சற்றுச் சுடலாம். ஆனால் 38 பாகை செல்சியசும் அதற்கு மேலுமான காய்ச்சல், சத்தி, தண்ணீராய்ப் போகும் வயிற்றோட்டம் ஆகியவை பல்லின் அடையாளங்கள் அல்ல. இவை வந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

முரசு நோவுக்குச் சவர்க்காரமிட்டுக் கழுவிய விரலால் மெதுவாகத் தடவி விடுங்கள். சுத்தமான ஈரத்துணியைக் கடிக்கக் கொடுங்கள். முரசை விறைக்கச் செய்யும் களிம்புகளைக் கடையில் வாங்கிப் பூசாதீர்கள். பென்சோகெயின் சேர்ந்த களிம்புகளை இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாவிக்க வேண்டாம் என 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் எச்சரித்தது.

இரண்டும் ஒரே காலத்தில் வருவது ஏன்?

தாயிடமிருந்து பிறப்பிலேயே பெற்ற நோயெதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய ஆறு மாதத்தில் குறைந்துவிடுகிறது. தாய்ப்பாலோடு வேறு உணவும் தண்ணீரும் கொடுக்கத் தொடங்குவதும் அப்போதுதான். பிள்ளை தவழ்ந்து, நிலத்தில் கிடப்பதையெல்லாம் வாயில் வைப்பதும் அப்போதுதான். ஆகவே வயிற்றுக்குள் கிருமி போக வழி திறக்கும் காலமும், பல் வரும் காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. குற்றம் பல்லின் மேல் விழுகிறது.

வாவியோரக் கிராமங்களில் நிலத்தடி நீர் மேலேயே கிடக்கிறது. மணல் நிலத்தில் மலசலகூடக் குழியின் கழிவு கிணற்றுக்கு இலகுவில் ஊறிச் செல்லும். மாரி வெள்ளம் வந்து பாடசாலைக் கட்டடங்களில் பல குடும்பங்கள் நெருங்கித் தங்கும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது. 2011 ஜனவரி வெள்ளத்தில் இதைக் கண்டோம்.

துணியைப் பார்த்து அறிவது எப்படி?

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு மஞ்சளாக, இளக்கமாக, ஒரு நாளில் பல தடவை போகலாம். பால் குடித்து உற்சாகமாயிருந்தால் அது நோயல்ல. வழமைக்கு மாறாகத் தண்ணீர் போல ஒரு நாளில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் போனால் அது வயிற்றோட்டம். இரத்தம் கலந்திருந்தாலோ, மலம் வெள்ளைக் களிமண் நிறமாக இருந்தாலோ தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சிறுநீரையும் கவனியுங்கள். ஆறு மணித்தியாலமாகத் துணி நனையவில்லையென்றால் உடலில் நீர் வற்றுகிறது என்று பொருள்.

என்ன செய்ய வேண்டும்?

வக்கடை உடைந்து வயல்நீர் வடிந்தால் விவசாயி அடுத்த நாள் வரை பார்த்திருப்பானா? பிள்ளையின் உடலும் அப்படித்தான். போன நீரை உடனே திரும்பக் கொடுக்க வேண்டும்.

1. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வழமையை விட அதிக தடவை கொடுங்கள்.

2. ஜீவனிப் பையைக் கொதித்தாறிய நீரில், பையில் எழுதியுள்ள அளவுப்படி முழுவதையும் கரையுங்கள். ஒவ்வொரு முறை போன பின்னரும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர், அதாவது பத்து முதல் இருபது தேக்கரண்டி வரை, கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுங்கள். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

3. ஆறு மாதம் கடந்த பிள்ளைக்கு உணவையும் தொடர்ந்து கொடுங்கள்.

4. வயிற்றோட்டத்தை நிறுத்தும் மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். நாகச் சத்து மருந்து பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். அதைப் பத்து முதல் பதினான்கு நாட்கள் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2004 முதல் கூறி வருகிறது.

5. கண் உள்ளே போதல், கண்ணீரின்மை, சோர்ந்து கிடத்தல், குடிக்க மறுத்தல், இரத்தம், காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளையென்றால் எதற்கும் காத்திராதீர்கள்.

தாய்மாரின் கையில் ஒரு மருந்து

1971இல் வங்காளதேச யுத்தத்தின்போது இந்திய எல்லையிலுள்ள பொங்கான் முகாமில் கொலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹலனபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா மூன்றையும் நீரில் கரைத்து, நோயாளரின் உறவினரிடமே கொடுத்துப் பருக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேரளவில் இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நாலுக்கும் கீழே இறங்கியது. நம்மைப் போல் இடம்பெயர்ந்து கூடாரத்தில் கிடந்தவர்களே தங்கள் கையால் தங்கள் உறவினரைக் காப்பாற்றினார்கள். ஜீவனிப் பையில் இருப்பது அதே வழியில் வந்த மருந்துதான்.

வருமுன் காப்போம்

சின்னப் பிள்ளையின் மலம் தீங்கற்றது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. அதை மலசலகூடத்தில் கொட்டுங்கள். அழுக்குத் துணியைக் கிணற்றடியில் அலசாதீர்கள். பாவித்த பம்பர்சை வாவியிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். துணி மாற்றிய பின்னரும் உணவூட்டு முன்னரும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். கை கழுவுவதால் மட்டுமே வயிற்றோட்டம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைகிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும்.

பல் முளைத்ததும் உறவினரைக் கூட்டிப் பல்லுக்கொழுக்கட்டை சொரிவது நமது நல்ல வழக்கம். அந்த நாளைப் பிள்ளை காண வேண்டும். ஆகவே அடுத்த முறை "பல்லுக்குத்தான் போகுது" என்று யாராவது சொன்னால், அவருக்கு மரியாதையாகப் பதில் சொல்லுங்கள்: "பல்லு வரட்டும் பெத்தா, நான் முதல்ல ஜீவனி கரைக்கிறன்."