விரல்களைக் காப்பாற்றிய இரும்பு விரல்கள்! - ரயில் பெட்டிகள் தானாகக் கைகோத்த கதை

இன்ஜின் மாற்றுகிற ஜங்ஷன். ரயில் நின்றதும் டீ குடிக்க ஒரு கூட்டம் இறங்கும். வாட்டர் பாட்டிலோடு குழாயைத் தேடி ஒருவர் ஓடுவார். நாலைந்து இளசுகள் மட்டும் செல்போனைத் தூக்கிக்கொண்டு ரயிலின் முன்பக்கம் போவார்கள். புது இன்ஜின் மெதுவாகப் பின்னோக்கி வரும். ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஊழியர் தண்டவாளத்தின் ஓரமாக நின்று கையசைத்துச் சைகை காட்டுவார். 'டங்!' மேல் பெர்த்தில் தூங்குகிறவருக்கு லேசாக ஒரு ஆட்டம். அவ்வளவுதான், மாட்டிவிட்டது.

இன்றைக்கு ரீல்ஸில் லைக்ஸ் வாங்குகிற அந்த 'டங்' சத்தம், 150 ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்க ரயில்வே ஊழியர்களின் குலைநடுங்க வைத்த சத்தம். காரணம், அது கேட்கும் நொடியில் ஒரு மனிதர் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருப்பார்.

கையைக் காட்டு, அனுபவம் தெரியும்!

அந்தக் காலத்து அமெரிக்க ரயில்வேயைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வேலை கேட்டு வருகிறவர் அனுபவசாலியா என்று தெரிந்துகொள்ள, அதிகாரி சர்ட்டிஃபிகேட் கேட்க மாட்டாராம். கையைக் காட்டச் சொல்வாராம். விரல் குறைந்திருந்தால் பழைய ஆள். பத்து விரலும் இருந்தால் புது ஆள். கொஞ்சம் மிகைப்படுத்திய கதையாக இருக்கலாம். ஆனால், அன்றைய நிலவரம் அந்தக் கதைக்கு ரொம்ப தூரத்தில் இல்லை.

அப்போது பெட்டிகளை இணைக்க இருந்தது ஒரு இரும்பு வளையமும் ஒரு இரும்பு முளையும்தான். ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் குழிபோன்ற ஒரு வாய் இருக்கும. ஒரு பெட்டியில் வளையம் தொங்கும். இன்னொரு பெட்டி நகர்ந்து வரும்போது, பிரேக்மேன் என்கிற ஊழியர் நடுவில் நின்று, அந்த வளையத்தைக் கையால் தூக்கிப் பிடித்து, எதிர்ப் பெட்டியின் வாய்க்குள் சரியாக நுழைக்க வேண்டும். நுழைந்த அதே நொடியில் கையை எடுத்துவிட்டு, மேலிருந்து முளையைச் செருக வேண்டும். அரை நொடி தாமதித்தால் விரல் இல்லை. கால் இடறினால் ஆளே இல்லை.

மழை, பனி, நள்ளிரவு எதற்கும் விதிவிலக்கு கிடையாது. பெட்டிகளின் உயரமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நகர்ந்து வரும் பெட்டியை நினைத்த இடத்தில் நிறுத்த நல்ல பிரேக்கும் கிடையாது. கைவிளக்கைக் காட்டி டிரைவருக்குச் சைகை செய்வதுதான் ஒரே பாதுகாப்பு.

1888 ஜூனில் முடிந்த ஓராண்டில் மட்டும் அமெரிக்க ரயில்வே ஊழியர்களில் 2,000 பேருக்கு மேல் வேலையில் இறந்தார்கள், 20,000 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். அன்றைய அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் அடுத்த ஆண்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் இந்தக் கணக்கைச் சொல்லி, போர்க்களத்தில் நிற்கும் சிப்பாய்க்கு இருக்கிற அதே ஆபத்து இந்தத் தொழிலாளிகளுக்கும் இருக்கிறது, இது நம் நாகரிகத்துக்கே அவமானம் என்று வருத்தப்பட்டார். ஹாரிசனே உள்நாட்டுப் போரில் படை நடத்தியவர் என்பதால், அவர் சொன்ன ஒப்பீட்டுக்குக் கனம் அதிகம்.

துணிக்கடை கிளார்க்கின் மரப்பொம்மை

வேதனை என்னவென்றால், இதற்கான தீர்வு அப்போதே கைவசம் இருந்தது. இலை ஜானி என்பவர் வர்ஜீனியா மாகாணத்துக்காரர். உள்நாட்டுப் போரில் மேஜராக இருந்தவர். போர் முடிந்ததும் ஒரு துணிக்கடையில் கிளார்க் வேலைக்குப் போனார். இன்ஜினீயரிங் படித்தவர் இல்லை. ஓய்வு நேரத்தில் கத்தியால் மரத்தைச் செதுக்கிச் செதுக்கி அவர் செய்த ஒரு மாதிரிதான் பிற்பாடு உலகத்தின் பாதி ரயில்களை இணைத்தது. 1873 ஏப்ரல் 29 அன்று அதற்கு பேட்டன்ட் கிடைத்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க மெஷின் எதுவும் வேண்டாம். உங்கள் வலது கை விரல்களைக் கொக்கிபோல வளையுங்கள். இடது கை விரல்களையும் அப்படியே வளைத்து, இரண்டையும் கோத்து இழுங்கள். பிரியாது, இல்லையா? ஜானியின் கப்ளரும் அதேதான். ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் மடங்கிய விரல்போல ஓர் இரும்புத் துண்டு. அது கீல் வைத்த கதவு மாதிரி திறந்து மூடும். பெட்டிகள் மோதும்போது, திறந்திருக்கும் விரல் அந்த வேகத்திலேயே உள்பக்கம் மடங்கிக்கொள்ளும். உடனே மேலிருந்து ஒரு பூட்டு தானாக இறங்கி, விரலைத் திரும்பத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். பிரிக்க வேண்டுமா? பெட்டியின் பக்கவாட்டில் நிற்கிறவர் ஒரு நெம்புகோலைத் தூக்கினால் போதும். பூட்டு விலகிவிடும். யாரும் நடுவில் போக வேண்டியதில்லை.

மனித விரல்களைக் காப்பாற்ற இரும்பில் விரல் செய்திருக்கிறார் மனுஷர்!

'டைப்-சி' வராத காலம்

பிறகு ஏன் உடனே எல்லா ரயில்களிலும் மாட்டவில்லை? முதல் காரணம் செலவு. ஆள் போனால் இன்னோர் ஆள் கிடைப்பான் என்கிற நினைப்பு. ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய் என்று அன்றைய கோர்ட்டுகளும் கைவிரித்துவிடும். நஷ்டஈடு கிடைப்பது குதிரைக்கொம்பு.

இரண்டாவது காரணம்தான் சுவாரஸ்யமானது. கப்ளர் என்பது தனி ஆளாக வாங்கிப் பயன்படுத்துகிற சாமான் இல்லை. உங்கள் வீட்டில் உள்ள சார்ஜர் பக்கத்து வீட்டு போனில் நுழையாத காலம் ஒன்று இருந்ததே, அதுபோல. ஒரு கம்பெனி நல்ல கப்ளர் மாட்டினாலும், எதிரில் வரும் பெட்டி வேறு கம்பெனியுடையது. அதில் பழைய வளையம்தான் இருக்கும். அப்போது பிரேக்மேன் பழையபடி நடுவில் போய்த்தான் ஆக வேண்டும். சொல்லப்போனால், இரண்டு வகையும் கலந்திருந்த காலத்தில் ஆபத்து இன்னும் சிக்கலானது. ஆயிரக்கணக்கான கப்ளர் பேட்டன்ட்கள் வேறு குவிந்துகிடந்தன. எதை எல்லோரும் ஏற்பது?

பெட்டி தயாரிப்பாளர்களின் சங்கம் சோதனைகள் நடத்தி, 1880களின் கடைசியில் ஜானியின் வடிவத்தைப் பொது அளவாகத் தேர்ந்தெடுத்தது. அதன் வளைவுக் கோட்டுக்கான பேட்டன்ட் உரிமை விட்டுக்கொடுக்கப்பட்டதால், எந்தக் கம்பெனி செய்த கப்ளரும் இன்னொன்றோடு பொருந்த வழி பிறந்தது. ஆனாலும், பொது அளவு என்பது சிபாரிசுதான், கட்டாயம் இல்லை.

கட்டாயமாக்கியதில் ஒரு விவசாயிக்குப் பெரிய பங்கு உண்டு. அயோவா மாகாணத்தைச் சேர்ந்த லொரென்ஸோ காஃபின் 1874-ல் ஒரு பிரேக்மேனின் விரல்கள் நசுங்கியதைக் கண்ணால் பார்த்தார். அன்று பிடித்துக்கொண்ட வேகம் அவரை விடவே இல்லை. பத்திரிகைகளுக்குக் கடிதம், ரயில்வே மாநாடுகளில் அழைக்காமலே போய்ப் பேச்சு, தலைவர்களிடம் மனு என்று அலைந்தார். 'இவர் வந்துட்டாரா!' என்று ரயில்வே முதலாளிகள் முகம் சுளிக்கும் அளவுக்கு அலைந்தார். 1893 மார்ச் 2 அன்று, பதவிக்காலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ரயில்வே பாதுகாப்புக் கருவிகள் சட்டத்தில் ஹாரிசன் கையெழுத்திட்டார். காஃபினுக்கு அப்போது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

நான்கே நாள்!

சட்டம் சொன்னது இதுதான்: பெட்டிகள் மோதியதும் தானாக இணைய வேண்டும், பிரிக்கும்போதும் ஆள் நடுவில் போகக் கூடாது. 1898 ஜனவரி 1-க்குள் மாற்ற வேண்டும். கம்பெனிகள் அவகாசம் கேட்டன. கெடு 1900 ஆகஸ்ட் 1 வரை தள்ளிப்போனது.

ஆகஸ்ட் 5. கெடு முடிந்து நான்கே நாள். யூட்டா மாகாணத்தின் ப்ரோமன்டரி என்ற இடத்தில், ஜான்சன் என்ற பிரேக்மேனிடம் ஒரு சாப்பாட்டுப் பெட்டியை இன்ஜினோடு இணைக்கச் சொன்னார்கள். இன்ஜினில் இருந்தது ஜானி கப்ளர். சாப்பாட்டுப் பெட்டியில் இருந்தது மில்லர் கொக்கி. இரண்டுமே 'தானியங்கி'தான். ஆனால், ஒன்றோடொன்று பொருந்தாது. வேறு வழியில்லாமல் ஜான்சன் பழைய வளையத்தை எடுத்துக்கொண்டு நடுவில் போனார். மூன்று முறை முயன்றார். மூன்றாவது முறை கை நசுங்கியது. மணிக்கட்டுக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

வழக்குப் போட்டார். கம்பெனியின் வாதத்தைக் கேளுங்கள்: 'இரண்டிலும் தானியங்கி கப்ளர் இருந்தது. அவை ஒன்றோடு ஒன்று இணைய வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதா? தவிர, இன்ஜின் என்பது பெட்டியே அல்ல!' கீழ் கோர்ட்டுகள் இதை ஏற்றுக்கொண்டன. ஜான்சன் விடவில்லை. 1904 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. ஆள் நடுவில் போகக் கூடாது என்பதுதான் சட்டத்தின் நோக்கம், வார்த்தையைப் பிடித்துத் தொங்காதீர்கள் என்பதே தீர்ப்பின் சாரம். இன்ஜினும் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்றும் சொல்லிவிட்டது.

பலன்? சட்டம் வந்த 1893-ல் பெட்டிகளை இணைக்கும், பிரிக்கும் வேலையில் மட்டும் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், 11,000-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் அந்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கின. ரயில்களும் ஊழியர்களும் அதிகமான காலத்தில்!

ஒரே நாளில் மாற்றிய ஜப்பான்

அமெரிக்காவில் இருபது வருஷம் இழுத்த வேலையை ஜப்பான் செய்த விதம் அலாதி. அங்கே பெரும்பாலான ரயில்களில் பிரிட்டிஷ் பாணி திருகு கப்ளிங்தான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் பழையதும் புதியதும் பொருந்தாமல் குழப்பம்தான் மிஞ்சும் என்று கணக்குப் போட்டார்கள். அதனால் பல ஆண்டுகள் தயாரானார்கள். புதுக் கப்ளர்களை முன்கூட்டியே சரக்குப் பெட்டிகளின் அடியில் கட்டித் தொங்கவிட்டார்கள். பெட்டி எங்கே போனாலும் அதன் கப்ளர் கூடவே போகும். ஊழியர்களுக்கு ஒத்திகை நடந்தது.

1925 ஜூலை 17. முக்கியத் தீவான ஹோன்ஷு முழுக்கச் சரக்கு ரயில்கள் நின்றன. நாடு முழுக்கப் பரவிக்கிடந்த பெட்டிகளில் அந்த ஒரு நாளில் கப்ளரை மாற்றினார்கள். மூன்று நாள் கழித்து கியூஷு தீவிலும் அதே வேலை. ஐரோப்பாவில் பெரும்பாலான சரக்கு ரயில்களை இன்றைக்கும் கையால் திருகித்தான் இணைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால், ஜப்பான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

நம்ம ரயிலில் என்ன இருக்கிறது?

இந்தியாவுக்கு ரயிலோடு சேர்ந்து பிரிட்டிஷ் திருகு கப்ளிங்கும் வந்தது. சென்னை பெரம்பூரில் 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப் தொழிற்சாலையின் பழைய ரகப் பெட்டிகளிலும் அதுதான். பெட்டியின் முனையில் இரண்டு பக்கமும் வட்டத் தட்டுபோல பஃபர்கள், நடுவில் கொக்கி. இணைக்கும் ஊழியர் பஃபருக்கு அடியில் குனிந்து நுழைந்து, கனமான கப்ளிங்கைத் தூக்கி எதிர்க் கொக்கியில் மாட்டி, திருகி இறுக்க வேண்டும்.

சரக்கு வேகன்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஜானி வகைக் கப்ளருக்கு மாறிவிட்டன. பயணிகள் ரயிலில் அது பரவலானது, ஜெர்மன் வடிவமைப்பில் வந்த எல்.ஹெச்.பி பெட்டிகளோடு. பழைய ரகப் பெட்டித் தயாரிப்பை ஐ.சி.எஃப் 2018-ல் நிறுத்திவிட்டது. எல்.ஹெச்.பி பெட்டிகளின் முனையில் பஃபர் இருக்காது. மூடிய முஷ்டிபோல ஒரே ஒரு கப்ளர்தான். விபத்து நேர்ந்தால் ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறாமல் தடுப்பதில் இதற்குப் பங்கு உண்டு. ஆனால், பிரேக் போடும்போதும் கிளம்பும்போதும் 'லொடக்'கென்று தூக்கிப்போடுகிறதே, டீ தளும்புகிறதே என்று பயணிகள் திட்டியதும் இதே கப்ளரைத்தான். இடைவெளியைக் குறைக்கிற புது அமைப்புகளை ரயில்வே பொருத்தி வருகிறது.

பழையதிலிருந்து புதியதற்கு மாறுகிற இந்தக் காலத்திலும் ஆள் நடுவில் போகிற வேலை ஒழிந்துவிடவில்லை. 2024 நவம்பர் 9 அன்று, பீகாரின் பரௌனி ஜங்ஷனில் லக்னோ - பரௌனி எக்ஸ்பிரஸின் இன்ஜினைப் பிரிக்கும் வேலையில் இருந்த ஊழியர், இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் நசுங்கி இறந்தார். நடைமேடையில் பயணிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. அந்தப் படம் நாடு முழுக்கப் பலருடைய போனுக்கு வந்தது.

கப்ளர் தானாக மாட்டிக்கொண்டாலும், பிரேக்குக்கான காற்றுக் குழாய்களைப் பெரும்பாலான ரயில்களில் இன்னமும் கையால்தான் இணைக்க வேண்டும். மெட்ரோ ரயில்களின் முனையில் இருக்கும் கப்ளர், ஜெர்மனியின் கார்ல் ஷார்ஃபென்பெர்க் 1903-ல் பேட்டன்ட் வாங்கிய வகையைச் சேர்ந்தது. இந்த வகையில் காற்றுக் குழாயும் மின் இணைப்பும்கூடத் தானாகவே சேரும்படி செய்ய முடியும். ஊர் ஊராகப் பெட்டியும் இன்ஜினும் மாறி மாறிச் சேர்கிற எக்ஸ்பிரஸ் ரயில்களுக்கு அந்த வசதி இன்னும் வரவில்லை.

அதனால்தான் ஜங்ஷனில் 'டங்' சத்தம் கேட்ட பிறகும் ரயில் உடனே கிளம்புவதில்லை. இன்ஜின் அசையாமல் நின்ற பிறகு, ஆரஞ்சு ஜாக்கெட் ஊழியர் குனிந்து உள்ளே போகிறார். குழாய்களை மாட்டுகிறார், காற்று வால்வைத் திறக்கிறார், 'புஸ்'ஸென்று சத்தம் வருகிறது. அவர் வெளியே வந்து நிமிர்ந்து நின்று சைகை காட்டுகிற வரைக்கும் இன்ஜினை ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது.