தண்டமும் பாடமும்

1897ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 10ஆம் நாள் இலண்டன் மாநகரில், மின்வலியால் இயங்கும் வாடகை வண்டியொன்றை மதுமயக்கத்திற் செலுத்திச் சென்ற சாரதியொருவர் தெருவோரக் கட்டடமொன்றில் மோதினார். பொலிசார் அவரை மன்றில் நிறுத்தினர். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் செலுத்தினார். குடித்துவிட்டு மோட்டார் வண்டி செலுத்தியமைக்காகத் தண்டிக்கப்பட்டோருள் முதல்வர் இவரே என்பர்.

அன்றுதொட்டு இக்குற்றத்திற்குச் சட்டம் வகுத்த தண்டனைகள் பெரும்பாலும் மூவகையின: தண்டப்பணம் விதித்தல், சிறையிலிடல், சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பறித்தல். 1960களில் இவற்றோடு நான்காவதொன்று சேர்ந்தது. அது வகுப்பறை. குற்றம் புரிந்தவரை மாணாக்கராய் இருத்திப் பாடஞ் சொல்லுமாறு மன்றமே பணிப்பது இம்முறை. அறிவு புகட்டுவதால் ஒழுக்கம் திருந்துமா என்பது கற்பிப்போர் அனைவர் உள்ளத்திலும் எழும் பழைய வினாவாகும். அவ்வினாவிற்குக் கணக்கெடுத்து விடை காண முயன்ற களங்களுள் இதுவும் ஒன்றாதலின், இதன் தோற்றத்தையும் பயனையும் ஈண்டு நோக்குவாம்.

இக்கல்வி தோன்றுவதற்கு முன்னர்க் குற்றத்தை அளந்தறியும் வழி தோன்றவேண்டியிருந்தது. முற்காலத்திற் சாரதியின் நடையையும் பேச்சையும் கண்டே அவர் மயங்கியிருந்தாரா என மன்றங்கள் துணிந்தன. 1936இல் நோர்வே நாடு குருதியிலுள்ள மதுசாரத்தின் அளவையே குற்றத்திற்கு எல்லையாக வகுத்தது. 1954இல் அமெரிக்கரான றொபேட் போக்கன்ஸ்ரைன் மூச்சிலிருந்து அவ்வளவை அறியுங் கருவியைச் சமைத்தார். மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் றப்பிட்ஸ் நகரில் அவர் தலைமையில் 1962, 1963ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஆய்வில், விபத்துற்ற சாரதிகளும் விபத்துறாது அவ்விடங்களாற் சென்ற சாரதிகளும் ஒப்புநோக்கப்பட்டனர். குருதியில் மதுசாரம் மிகுந்தோறும் விபத்துறும் வாய்ப்பும் விரைந்து ஏறுவதை அவ்வாய்வு புலப்படுத்திற்று. பிரித்தானியாவில் 1967ஆம் ஆண்டின் வீதிப் பாதுகாப்புச் சட்டம் 100 மில்லிலீற்றர் குருதியில் 80 மில்லிக்கிராம் மதுசாரமே எல்லையென விதித்தது. இங்ஙனம் எல்லை எண்ணாக வகுக்கப்பட்ட பின்னர், அவ்வெண்ணின் பொருளைச் சாரதிக்கு உணர்த்தும் கடமையும் உண்டாயிற்று.

1966இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் அக்கடமை ஒரு பாடநெறியாக உருப்பெற்றது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜேம்ஸ் மல்பெற்றியும் ஏர்ணஸ்ட் ஸ்ருவேட் என்பாரும் நகர மன்றத்தோடு கூடி அதனை அமைத்தனர். குடித்து வண்டி செலுத்திய குற்றத்திற்கு ஆளானோர் சில மாலைப்பொழுதுகளில் ஒருங்கிருந்து, மதுசாரம் கண்ணையும் கையையும் மதியையும் எவ்வாறு தளர்த்துமென்பதைக் கற்றனர். தம் செயலைத் தாமே ஆராய்ந்தனர். இனி அது நிகழாவண்ணம் யாது செய்வதென வகுத்துரைத்தனர். இந்நெறியைப் பின்பற்றி வேறு பல நகரங்களிலும் வகுப்புகள் எழுந்தன.

இங்கிலாந்தில் இம்முறை பிந்தியே வந்தது. 1991ஆம் ஆண்டின் சட்டம் இதற்கு இடமளிக்க, 1993 முதற் சில மன்றங்களில் இது பரீட்சிக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் பரந்தது. அங்கு குடித்து வண்டி செலுத்தியவர்க்கு 12 மாதத்திற்குக் குறையாத தடை பொதுவாக விதிக்கப்படும். மன்றம் அவரைப் பாடநெறிக்குச் செல்லுமாறு பணிக்கலாம். ஆயின், அவரது இசைவு வேண்டும். பாடநெறியின் பயனையும் கட்டணத்தையும் எளிய மொழியில் மன்றம் அவருக்கு விளக்கவேண்டும். கட்டணத்தைச் செலுத்துபவரும் அவரே. மூன்று நாளுக்குக் குறையாது பகுக்கப்பட்ட 16 மணி நேரப் பாடத்தைச் செவ்வனே முடித்தாராயின், தடைக்காலம் நாலிலொரு பங்குவரை குறையும். 12 மாதத் தடை பெற்றவர் 9 மாதத்தின் முடிவில் மீண்டும் அனுமதிப்பத்திரம் பெறலாம். முடியாதவர்க்கு முழுத் தடையும் நிலைக்கும். கவனிக்கத்தக்கது யாதெனின், கற்றவரும் தண்டனையின் பெரும்பகுதியை அனுபவித்தே தீரவேண்டும் என்பதாம்.

அவ்வகுப்பிற் கற்பிக்கப்படுவனவற்றுள் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சுவீடன் தேசத்து அறிஞர் எரிக் விட்மார்க் 1932இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, உடல் மதுசாரத்தை ஏறக்குறைய ஒரே சீரான வேகத்திற் கழிக்கின்றது. 100 மில்லிலீற்றர் குருதியில் மணிக்கு 15 மில்லிக்கிராம் அளவு குறையுமெனப் பொதுவாகக் கணிப்பர். நள்ளிரவில் 200 மில்லிக்கிராம் அளவோடு படுக்கைக்குச் சென்ற ஒருவர் காலை 7 மணிக்கு எழுந்து, நீராடிக் கோப்பி அருந்தித் தாம் தெளிந்துவிட்டதாக எண்ணி வண்டியில் ஏறுகின்றார். ஏழு மணி நேரத்திற் கழிந்தது 105, எஞ்சியிருப்பது 95. அவர் இன்னும் குற்றவாளியே. குளிர்நீரும் கோப்பியும் துயிலும் அக்கணக்கை விரைவுபடுத்தா; காலம் ஒன்றே அதனைக் குறைக்கும். இவ்வெளிய கழித்தற் கணக்கை அறியாமையால் மாத்திரம் தவறு செய்யக்கூடியவரும் உளர். அன்னார்க்கு இப்பாடம் உயிர்காக்கும் பாடமாகும்.

இனி, இதன் பயன் யாது? இம்முறை பரவிய தொடக்கத்தில் அமெரிக்காவிற் பெரும் நம்பிக்கை நிலவியது. 1970களில் நடுவண் அரசு 35 இடங்களில் மதுவும் வீதிப் பாதுகாப்பும் பற்றிய திட்டங்களை நடாத்தியது. ஆனால், வகுப்பிற்குச் செல்வோர் அனுமதிப்பத்திரத்தை இழக்கவேண்டியதில்லை என்னும் சலுகையும் சிலவிடங்களில் அளிக்கப்பட்டது. கலிபோர்ணியாவில் இதனை ஆராய்ந்தோர் கண்டது வேறு: அனுமதிப்பத்திரத்தைத் தக்கவைத்துக்கொண்டு திருத்த வகுப்பிற்குச் சென்றோரினும், அதனை இழந்தோரே குறைந்த அளவில் விபத்துற்றனர். தண்டத்தின் இடத்திற் பாடத்தை வைத்தபோது வீதியிற் செல்லும் ஏனையோரின் பாதுகாப்பே குறைந்தது.

ஆயின், பாடம் வீணென்று துணிதலும் பிழையாகும். எலிசபெத் வெல்ஸ்–பாக்கர் என்பாரும் அவர்தம் உடனாய்வாளரும் இத்துறையில் நிகழ்ந்த 215 மதிப்பீடுகளைத் திரட்டி ஆராய்ந்து 1995இல் முடிவுகளை வெளியிட்டனர். திருத்த முறைகட்கு உட்பட்டோரிடத்து, மீண்டும் அக்குற்றம் புரிதலும் மதுவால் நேரும் விபத்தும், உட்படாதாரினும் 7 முதல் 9 வீதம் குறைந்திருந்தன. கல்வி, ஆலோசனை, பின்தொடர்ந்து கண்காணித்தல் ஆகியன ஒருங்கிணைந்த முறைகள் தனியொன்றாய் நின்றவற்றினும் மேம்பட்டு விளங்கின. அனுமதிப்பத்திரம் பறித்தலுக்குரிய பயனைத் திருத்த முறைகள் ஈடுசெய்யவில்லை என்பதும் அங்குத் தெளிவாயிற்று.

7 வீதம் சிறிதென எண்ணுவார் உளராகலாம். ஆயின், குறைந்தது வெறும் எண்ணன்று. வீதியோரமாய் நடந்துசென்று வீடு திரும்பிய ஒரு பிள்ளையும், தந்தையை இழவாத ஒரு குடும்பமும் அவ்வெண்ணினுள் அடங்குவர்.

வகுப்பறையின் பயன் ஏன் இவ்வளவோடு நின்றது? குற்றம் ஒன்றாயினும் குற்றவாளிகள் ஒருதன்மையர் அல்லர். ஒருசாரார் அறியாமையாலும் அசட்டையாலும் ஒருமுறை தவறினோர். இவர்க்கு அறிவும் எச்சரிக்கையும் போதியன. மற்றொருசாரார் மதுவுக்கு அடிமையானோர். 80 என்னும் எண்ணை இவர்கள் நன்கறிவர், அறிந்தும் நிறுத்தவியலாதவர். இவர்க்கு வேண்டுவது மருத்துவமும் நீண்டகால ஆதரவும் ஆகும். கலிபோர்ணியா மாநிலம் இவ்வேற்றுமையைக் கருதியே தன் நெறிகளைப் படிமுறையாக வகுத்துளது. முதன்முறை தவறினோர்க்குப் பொதுவாக மூன்று மாதம். குருதியில் மதுசாரம் மிக உயர்ந்திருப்பின் ஒன்பது மாதம். மீண்டுந் தவறினோர்க்குப் பதினெட்டு மாதம். அப்பதினெட்டு மாத நெறியிற் பாடத்திற்கு 12 மணி நேரமும், குழுவாய் அமர்ந்து ஆலோசிப்பதற்கு 52 மணி நேரமும் ஒதுக்கப்பட்டுள்ளன. அடிமைப்பட்டவர்க்குப் போதனையினுந் துணையே மிகுதியும் வேண்டுமென்பதை இப்பகுப்பே காட்டும்.

திருக்குறளிற் கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள்கள் இரண்டும் இவ்விடத்து நினைவுக்கு வருகின்றன. மயங்கியிருப்பவனுக்கு அறிவுரை கூறித் தெளிவித்தல் இயலாதென்கின்றது ஒன்று. தெளிந்திருக்கும் வேளையிற் பிறனொருவனின் மயக்கத்தைக் காண்பவன் தன் நிலையை எண்ணிப்பாரானோ என வினவுகின்றது மற்றொன்று. மன்றங்கள் வகுத்த பாடநெறி இவ்விரண்டாங் குறளின் நம்பிக்கையையே அடிப்படையாகக் கொண்டது. தெளிந்த வேளையில் ஒருவனைத் தன்னைத் தானே காணச் செய்வதே அதன் பணி.

கல்வியால் ஆகுவதும் ஆகாததும் இதனால் ஒருவாறு விளங்கும். தன் செயலின் விளைவை அனுபவிக்குங் காலத்திற் கற்ற பாடம் மனத்திற் பதிகின்றது. விளைவிலிருந்து தப்பும் வழியாய்க் கிடைத்த பாடம் அங்ஙனம் பதிவதில்லை. குற்றவாளிக்கு இரங்கித் தண்டத்தை நீக்குதலும், அவரை வெறுத்துப் பாடத்தை மறுத்தலும் ஒருங்கே பிழையாம். தண்டம் வீதியைக் காக்க, பாடம் மனிதனைத் திருத்த, இரண்டும் உடன்செல்வதே தக்கதென்க.