சளி போச்சு... இருமல் போகலையே!

எக்ஸாம் ஹால். ஃபேன் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. முதல் கேள்விக்குப் பதில் எழுத ஆரம்பிக்கிறீர்கள். அந்த நேரம் பார்த்துத் தொண்டைக்குள் ஒரு எறும்பு ஊர ஆரம்பிக்கும். எச்சிலை விழுங்கிப் பார்ப்பீர்கள். மூச்சை அடக்கிப் பார்ப்பீர்கள். கண்ணில் தண்ணீர் முட்டும். அப்புறம் என்ன... ‘லொக்... லொக்... லொக்!’

மொத்த ஹாலும் திரும்பிப் பார்க்கும். இன்விஜிலேட்டர் மட்டும் கொஞ்சம் ஸ்பெஷலாக முறைப்பார், யாருக்கோ சிக்னல் கொடுக்கிறோமோ என்று!

2024 நவம்பரில் என் நிலைமை இதுதான். ஃபைனல் இயர். மழையில் நனைந்து கிரிக்கெட் ஆடியதற்கு மறுநாளே தும்மல், மூக்கொழுகல், லேசான காய்ச்சல். (‘மழையில நனைஞ்சதாலதான்’ என்று அம்மா இன்னமும் சாதிக்கிறார். உண்மையில் ஹாஸ்டலில் ஏற்கெனவே பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தோம். அவர்களில் யாரோ ஒரு புண்ணியவான் பரிசளித்த வைரஸ் அது!) அஞ்சாவது நாள் ஜலதோஷம் டாட்டா காட்டியது. ஆனால் இருமல் மட்டும், விருந்துக்கு வந்து வீட்டோடு தங்கிவிட்ட மாமா மாதிரி கிளம்பவே இல்லை.

ராத்திரிதான் கொடுமை. படுத்தவுடன் ஆரம்பிக்கும். ரூம்மேட்ஸ் எனக்கு ‘ரெண்டு மணி எக்ஸ்பிரஸ்’ என்று பேரே வைத்துவிட்டார்கள். பக்கத்து ரூமில் எம்.எஸ்ஸி. படிக்கும் சீனியர் அண்ணன் ஒருத்தர், “தம்பி, நீ இருமுறதுல எங்க ரூம் செவுரே அதிருதுடா” என்று கலாய்ப்பார். சொல்லிவிட்டு அவரும் சிரிப்போடு சிரிப்பாக லேசாக ரெண்டு இருமல் இருமுவார். அதை யாருமே கவனிக்கவில்லை. நானும்தான்!

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மெடிக்கல் ஷாப்பில் ‘மூணு நாள் மாத்திரை’ என்று ஒரு ஆன்ட்டிபயாட்டிக் வாங்கிப் போட்டேன். வயிறு கலங்கியதுதான் மிச்சம். பழைய சிரப் பாட்டிலில் மிச்சம் இருந்ததைக் குடித்துவிட்டு, ஃபர்ஸ்ட் ஹவரில் பெஞ்சிலேயே தூங்கி வழிந்தேன். பதினாறாவது நாள், ‘இனி தாங்காதுடா சாமி’ என்று கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

போரடிக்கிறதே என்று துணைக்கு ஆள் தேடினேன். சும்மா இருந்த சீனியர் அண்ணன் பைக்கை எடுத்தார்.

வைரஸ் போயாச்சு... காயம் ஆறலை!

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, “நெஞ்சு சுத்தமா இருக்குப்பா. கீழே விழுந்து முட்டி தேய்ஞ்சா ஆற எத்தனை நாள் ஆகும்? அதே மாதிரிதான் இதுவும்” என்றார்.

விஷயம் இதுதான். ஜலதோஷ வைரஸ் நம் மூச்சுக்குழாயின் உள்சுவரைச் சிராய்த்துவிட்டுப் போகிறது. அங்கே தூசியையும் சளியையும் பெருக்கித் தள்ளுகிற நுண்ணிய முடிகள் இருக்கின்றன. அவையும் சேதமாகிவிடும். நரம்பு முனைகள் எதையும் தாங்காத அளவுக்குக் கூச்சமாகிவிடும். அதனால்தான் ஏ.சி. காற்று, சாக்பீஸ் தூள், பாடி ஸ்பிரே, ஏன்... ஒரு ஜோக்குக்குச் சிரித்தால்கூட இருமல் வருகிறது. இருமஇரும அந்த இடம் இன்னும் புண்ணாகும். புண்ணானால் இன்னும் இருமல். இதற்கு நடுவில், படுக்கும்போது மூக்கிலிருந்து பின்பக்கமாகத் தொண்டைக்குள் இறங்குகிற சளி வேறு. ராத்திரி ஷோ ஹவுஸ்ஃபுல் ஆவது அதனால்தான்.

சரி, எத்தனை நாள் இழுக்கும்? 2013-ல் வெளியான ஒரு ஆய்வுக்காக அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் இதையே கேட்டிருக்கிறார்கள். மக்கள் சொன்ன பதில்: 7-லிருந்து 9 நாள். ஏற்கெனவே நடந்த ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால் வந்த சராசரி: கிட்டத்தட்ட 18 நாள்! இந்த இடைவெளியில்தான் நாம் எல்லோரும் பொறுமை இழந்து மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுகிறோம். சிலருக்கு இது மூணு வாரம் தாண்டி எட்டு வாரம் வரைகூட இழுக்கலாம். அதற்கு மேலும் போனால் அது ஜலதோஷத்தின் மிச்சம் இல்லை. வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

பாட்டி பாஸ்... மாத்திரை ஃபெயில்!

ஆன்ட்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸிடம் அதன் பாச்சா பலிக்காது. அதிலும் வைரஸே போன பிறகு எதைக் கொல்வது? தேவையில்லாமல் போட்டால் நல்ல பாக்டீரியா சாகும், கெட்ட பாக்டீரியா பழகிக்கொள்ளும். நாளைக்கு நிஜமாகவே தேவைப்படும்போது மருந்து வேலை செய்யாது.

அப்போ எதுதான் கேட்கும்? சாதாரண இருமலுக்கு முதலில் தேன் சாப்பிட்டுப் பாருங்கள், ஆன்ட்டிபயாட்டிக் வேண்டாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டும் அமைப்பான ‘நைஸ்’ 2019-ல் சொன்னது. நம் பாட்டிகள் அதற்கு முன்பே பாஸாகிவிட்டார்கள்! ஹாஸ்டல் ரூமிலேயே செய்யக்கூடிய சில விஷயங்கள் இதோ...

தேன்: படுக்கும் முன் ஒரு ஸ்பூன். அப்படியே நக்கலாம், வெதுவெதுப்பான தண்ணீரிலும் கலக்கலாம். தொண்டையில் ஒரு பூச்சு மாதிரி படிந்து கரகரப்பை அடக்கும். (வீட்டில் ஒரு வயசு நிரம்பாத குழந்தை இருந்தால் அதற்குத் தேன் கூடவே கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களும் யோசித்துச் சாப்பிட வேண்டும்.)

சூடாக ஏதாவது: சுக்கு காபி, மிளகு ரசம், மஞ்சளும் மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால்... மெஸ்ஸில் கிடைத்தது எதுவானாலும் சரி. ஒன்றுமே கிடைக்கவில்லையா? வெந்நீர் போதும். சூடு தொண்டைக்கு இதம், தண்ணீர் சளியை இளக்கும்.

உப்புத் தண்ணீர்: வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிக்கலாம். தொண்டைக் கரகரப்புக்கு நல்லது.

வாயில் ஒரு மிட்டாய்: எக்ஸாம் ஹாலுக்கு இதுதான் லைஃப் ஜாக்கெட். மிட்டாயோ, அதிமதுரத் துண்டோ வாயில் கிடந்தால் எச்சில் ஊறும், எறும்பு ஊராது.

தலைக்கு இரண்டு தலையணை: தலை உயர்ந்தால் ராத்திரி இருமல் குறையும். பத்து மணிக்குப் பரோட்டாவை அடித்துவிட்டு அப்படியே சாயும் பார்ட்டியா நீங்கள்? வயிற்று அமிலம் மேலேறி வந்தும் இருமலைக் கிளப்பும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் ரெண்டு, மூணு மணி நேரம் விடுங்கள்.

ஆவி: மூக்கடைப்புக்குக் கொஞ்சம் ஆறுதல் தரும், அவ்வளவுதான். கொதிக்கிற பாத்திரத்தைக் கட்டில் மேல் வைத்துப் போர்வையை மூடாதீர்கள். கவிழ்ந்தால் இருமலைவிடப் பெரிய பிரச்னை.

சிகரெட்: ஆறுகிற புண்ணில் உப்பைத் தேய்ப்பீர்களா? அதேதான். மற்றவர் விடும் புகைக்கும் இது பொருந்தும்.

சிரப் ரகசியம்!

நம் ஊர் வேலியோரம் வளரும் ஆடாதோடை இலையில் ‘வாசிசின்’ என்று ஒரு பொருள் இருக்கிறது. அதை மாதிரியாக வைத்து லேபில் உருவாக்கியதுதான் ‘ப்ரோம்ஹெக்சின்’. சளியை இளக்கும் பல சிரப்புகளில் இருப்பது இதுவோ, இதன் வாரிசான ‘அம்ப்ராக்சால்’ என்ற மருந்தோதான்.

ஆனால் எல்லா சிரப்பும் ஒன்றல்ல. சளியை இளக்குவது ஒரு ரகம், வறட்டு இருமலை அடக்குவது இன்னொரு ரகம். தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்து கலந்ததும் உண்டு. அதைக் குடித்துவிட்டு பைக் ஓட்டுவது தற்கொலை முயற்சி. சிலவற்றில் ‘கோடீன்’ இருக்கும். அது அபின் குடும்பத்துப் பிள்ளை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. ‘சும்மா ஒரு கிக்குக்கு’ என்று யாராவது பாட்டிலை நீட்டினால் நகர்ந்துவிடுங்கள். அடிமையாவதற்கு அது நேர்வழி.

இன்னொரு விஷயம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கிட்னி செயலிழந்து இறந்துபோனார்கள். அந்த சிரப்பில் ‘டைஎத்திலீன் கிளைகால்’ என்ற விஷம் கலந்திருந்தது. தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதற்குப் பிறகு மத்திய அரசு, ரெண்டு வயதுக்குக் கீழே இருமல் மருந்து தரவே கூடாது, அஞ்சு வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. லீவில் வீட்டுக்குப் போகும்போது, உங்கள் பாட்டிலில் மிச்சம் இருப்பதை அக்கா குழந்தைக்கு ஊற்றிவிடாதீர்கள், ப்ளீஸ்!

அந்த ரெண்டு வாரக் கணக்கு

மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வருவோம். எல்லாம் சொல்லி முடித்த டாக்டர் ஒரு சீட்டை நீட்டினார். சளி டெஸ்ட், எக்ஸ்-ரே.

“நீங்கதானே சார் நெஞ்சு சுத்தம்னீங்க?”

“ரெண்டு வாரம் தாண்டிடுச்சு இல்ல? உனக்கு டி.பி. இருக்குன்னு சொல்லலை. இல்லைன்னு உறுதி பண்ணிக்கறோம். ஃப்ரீதான், போ.”

அதற்குள் வாசலில் நின்ற அண்ணன் லேசாக இருமினார். டாக்டர் நிமிர்ந்தார். “உங்களுக்கு எத்தனை நாளாப்பா?”

“எனக்கா சார்? இது சும்மா... சிகரெட் இருமல். ஆயுத பூஜை லீவுக்கு முன்னாடியிருந்தே இருக்கு.”

“வெயிட் குறைஞ்சுதா?”

“மெஸ் சாப்பாடு சார்!” என்று சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. “சாயங்காலம் காய்ச்சல்? ராத்திரி வேர்வை?” அண்ணன் பதில் சொல்ல யோசித்தார். இன்னொரு சீட்டு எழுதப்பட்டது.

எனக்கு ஒன்றுமில்லை. அண்ணனுக்கு டி.பி.!

திரும்பி வரும்போது அவர் பைக் ஓட்டவில்லை. சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தார். வழி முழுக்கக் கேட்டது ஒரே கேள்விதான். “வீட்ல என்னடா சொல்லுவேன்?”

சொன்னார். அழுதார்கள். அப்புறம் தைரியம் ஆனார்கள். ஆறு மாசம், ஒருநாள் விடாமல் மாத்திரை. எல்லாம் இலவசம். சத்தான சாப்பாட்டுக்காக மாசம் 1000 ரூபாய் அரசு உதவித்தொகை பேங்க் அக்கவுன்ட்டுக்கு. மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களிலேயே மற்றவர்களுக்குப் பரவும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும் என்று டாக்டர் சொன்னதால், முதல் சில வாரங்களை மட்டும் வீட்டில் கழித்துவிட்டு வந்தார். அவரோடு ஒரே ரூமில் இருந்தவர்களையும் கூப்பிட்டு டெஸ்ட் செய்தார்கள். ரெண்டு பேப்பர் அரியர் விழுந்தது. அடுத்த செமஸ்டரில் தூக்கிவிட்டார். சிகரெட்டை அன்றைக்கு விட்டவர்தான், இன்றுவரை தொடவில்லை.

என் இருமல்? 23-ம் நாள் காலையில் எழுந்தபோதுதான், ராத்திரி இருமவே இல்லை என்று தெரிந்தது. எந்த மருந்து கேட்டது என்று கேட்காதீர்கள். நாள்தான் கேட்டது. தேன் துணைக்கு வந்தது!

ஆகவே ஃப்ரெண்ட்ஸ், ஜலதோஷத்துக்கு அப்புறம் வரும் இருமலுக்குப் பயப்படாதீர்கள். ஆனால் நாளை மட்டும் எண்ணுங்கள். ரெண்டு வாரம் தாண்டினால் பக்கத்து அரசு மருத்துவமனையில் சளி டெஸ்ட். 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். சளியில் ரத்தம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, விடாத காய்ச்சல், எடை குறைவு இருந்தால் ரெண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். ஓடினால் இளைப்பதும், ராத்திரி விசில் மாதிரி மூச்சு வருவதும் ஆஸ்துமாவாக இருக்கலாம். அதையும் காட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. செவுரே அதிர இருமுகிறவனை ஹாஸ்டலே கவனிக்கும். சிரிப்புக்கு நடுவில் லேசாக இருமுகிறவர்தான் யார் கண்ணிலும் படமாட்டார். இன்று ராத்திரி உங்கள் பக்கத்துக் கட்டிலைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். ‘எத்தனை நாளாடா இருமுற?’ என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.