வீட்டில் கிளி வளர்ப்பு (சென்னை)

சென்னை வீடுகளில் நெடுங்காலமாகக் கூண்டில் வளர்க்கப்பட்டு வந்த கிளி பெரும்பாலும் செந்தார்ப் பைங்கிளி ஆகும். கழுத்து வளையம் ஆணுக்கு மட்டுமே உண்டு. அதுவும் ஏறத்தாழ மூன்று வயதில்தான் தெளிவாகும். மிளகாயை இது விரும்பி உண்ணும். காரம் தரும் கேப்சைசின் பறவைகளை உறுத்துவதில்லை.

இந்தியக் கிளியினங்களை வீட்டில் வளர்ப்பது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அசோக் நகர் மாடிவீட்டுக் கூண்டுக்கும் இது பொருந்தும். பேச்சுவழக்கில் லவ் பேர்ட்ஸ் எனப்படும் ஆத்திரேலியப் பட்ஜெரிகருக்கு இத்தடை இல்லை. சட்டத்துக்கு அஞ்சி, சிறகு வெட்டப்பட்ட கிளியைத் திறந்துவிடுவது அதைக் காகத்துக்கும் பூனைக்கும் இரையாக்குவதாகும். வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை.

இராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்ப்பவரான ஜோசப் சேகர், 2004 ஆழிப்பேரலைக்குப் பின், மொட்டைமாடிப் பலகைகளில் ஊறவைத்த அரிசியைப் பல ஆண்டுகள் வைத்துவந்தார். நாள்தோறும் ஆயிரக்கணக்கான கிளிகள் கூண்டு ஏதுமின்றி அங்கு வந்து சென்றன.